ஏடு பிரிக்க இருவர்

1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21ஆம் நாள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து எட்டு மாதங்களே ஆகியிருந்த இளைஞர் ஒருவர், அவ்வூருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீபைக் காணச் செல்கிறார். இளைஞர் உ. வே. சாமிநாதையர், வயது இருபத்தைந்து. முன்சீப் சேலம் இராமசாமி முதலியார். அவரும் முதியவர் அல்லர். இரண்டரை ஆண்டுகளே மூத்தவர். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முன்சீப் கேட்கிறார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று இளைஞர் அடுக்கிக்கொண்டே போகிறார். கேட்பவர் முகத்தில் எவ்வித மாறுதலும் இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று அடுத்த வினா வருகிறது.

தமிழ் பயின்ற அன்பர்கள் அனைவருக்கும் இக்காட்சி மனப்பாடம். வகுப்பறையில் நாமும் ஆண்டுதோறும் இதைச் சொல்லி வருகிறோம். பதிப்பு வரலாற்றின் தொடக்கமாகவே இது எப்போதும் சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்வதில் பிழையும் இல்லை. ஆயினும் 'என் சரித்திர'த்தை மறுபடி மறுபடி எடுத்துப் படிக்கும்போது நம் கண் வேறோர் இடத்தில் சென்று தங்குகிறது. அவ்வினாவுக்குப் பிறகு அவ்விருவரும் என்ன செய்தார்கள்?

சேர்ந்து படித்தார்கள். அவ்வளவுதான்!

முதலியாரிடம் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்று இருந்தது. அதை இளைஞரிடம் கொடுத்துத் தமக்குப் பாடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். இதில் உள்ள விந்தையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாடம் சொல்ல வேண்டியவர் அந்நூலை அதுவரை கண்ணால் கண்டதில்லை. கேட்க வேண்டியவரோ அதன் இருப்பை அறிந்து, பிரதியும் தேடி வைத்திருப்பவர். யார் ஆசிரியர், யார் மாணவர்? முன்சீபுக்கு அலுவல் இல்லாத பொழுதுகளில் இருவரும் அமர்ந்து, 3145 செய்யுட்கள் கொண்ட அப்பெருங்காப்பியத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் தட்டுத் தடுமாறிக் கடந்தார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட பெருமிதம் அங்கே பெரிதும் உதவவில்லை. எந்தத் தலபுராணத்திலும் காணாத சொற்கள், எந்தச் சைவ நூலிலும் காணாத கோட்பாடுகள் வரிக்கு வரி நின்று மறித்தன. தனியே படித்திருந்தால் நான்காம் நாளே அந்தக் கட்டு பரணுக்குப் போயிருக்கும் என்பது நம் எண்ணம். நாளை இன்னொருவர் வந்து காத்திருப்பார் என்பதுதான் அவரை இழுத்துச் சென்றது.

அக்காலத்தில் பழந்தமிழ் நூலை ஒருவர் தனித்துப் படிப்பது எத்துணை அரிது என்பதை இன்றைய வாசகர் உணர்வது எளிதன்று. ஓலைச்சுவடியின் எழுத்து அத்தகையது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒன்று. ஒகரமும் ஓகாரமும் ஒன்று. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாது. ஏட்டில் இருப்பது 'பாவை'யா 'பரவை'யா? கண்ணுக்கு முன் நிற்பவள் பெண்ணா, கடலா? 'செய்' என்பதும் 'சேய்' என்பதும் ஒரே வடிவம். 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் அப்படியே. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. செய்யுள் முடிந்து உரை தொடங்கும் இடத்தையும் நாமே கண்டுகொள்ள வேண்டும். போதாக்குறைக்கு இராமபாணப் பூச்சி துளைத்த துளைகள், கறையான் தின்ற ஓரங்கள், தொட்டால் ஒடியும் நுனிகள்!

இத்தகைய எழுத்தைக் கண் மட்டும் படித்துவிட முடியாது; வாய் உரக்கச் சொல்ல வேண்டும், செவி கேட்க வேண்டும். ஒருவர் ஒருவகையாகப் படிப்பார். ஓசை எங்கோ இடறும். கேட்டுக்கொண்டிருப்பவர் 'பரவை என்று வைத்துப் பாருங்கள்' என்பார். பொருள் சட்டென்று திறக்கும். ஏடு பார்த்துப் பிரதி செய்வதற்கும் ஒருவர் படிக்க ஒருவர் எழுதினார்கள். பல பிரதிகளை ஒப்புநோக்கும்போது ஆளுக்கொரு சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி அமர்ந்தார்கள். உ.வே.சா.வுக்குத் திருமானூர்க் கிருஷ்ணையரும், பிற்காலத்தில் மகாபாரதத்தைத் தமிழாக்கி வெளியிட்ட ம. வீ. இராமானுசாசாரியாரும் இவ்வாறு உடனிருந்தவர்கள். நட்பு என்பது அன்று வாசிப்புக்கு வாய்த்த ஓர் அலங்காரம் அன்று. மூக்குக் கண்ணாடியைப் போல அதுவும் ஒரு கருவி.

இப்பழக்கம் அவருக்கு மாணவப் பருவத்திலேயே படிந்திருந்தது. அந்நாளில் பாடம் 'படிப்பது' என்று சொல்லவே மாட்டார்கள்; பாடம் 'கேட்பது' என்பதே வழக்கு. மகாவித்துவான் ஊர்விட்டு ஊர் செல்லும்போது மாட்டு வண்டியில் அமர்ந்தபடியே செய்யுள் சொல்லிக்கொண்டு வருவார். உடன் செல்லும் மாணவர் எழுத்தாணியும் ஏடுமாக எழுதிக்கொண்டே போவார். வண்டிக் குலுக்கலில் எழுத்துக் கோணியிருக்கும். அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? 1876இல் ஆசிரியர் மறைந்தபோது உ.வே.சா. இழந்தது ஓர் ஆசானை மட்டுமா? ஒரு குரலையும் அல்லவா இழந்தார்! முதலியாரின் வீட்டுத் திண்ணையும் கூடமும் அவ்வெறுமையில் ஒரு பங்கையேனும் நிரப்பின என்று நாம் ஊகித்துக்கொள்கிறோம்.

சரி, சிந்தாமணியின் சமணக் கோட்பாடுகளுக்கு விளக்கம் எங்கே கிடைக்கும்? இங்கேதான் நமக்கு மிகவும் உவப்பான ஒரு பகுதி வருகிறது. கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான சந்திரநாத செட்டியாரின் வீட்டுக்கு உ.வே.சா. அழைத்துச் செல்லப்பட்டபோது அங்கே மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. வீட்டில் என்ன விசேடம் என்று கேட்டால், ஆறு மாதமாகப் படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியது என்கிறார்கள்! தமிழ்ப் புலவர் உலகம் கைவிட்ட ஒரு நூல், அவர் நாள்தோறும் நடக்கும் தெருக்களுக்கு அருகே, ஒரு குடும்பக் கூடத்தில் உரக்கப் படிக்கப்பட்டு, கேட்கப்பட்டு, விழாவாக முடிந்திருக்கிறது. வீடூர் அப்பாசாமி நயினார் முதலியவர்களிடம் அவர் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார்.

சைவ மடத்தில் வளர்ந்த ஒருவருக்கு அந்த வீட்டுப் படியேறுவது சிறிய செயலாக இருந்திருக்க முடியாது. சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கிக் கிடந்ததைக் கண்டு, அவனை மீட்கவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவ மரபு வழங்கும் செய்தி. அப்படியிருக்க, அந்நூலுக்காகச் சுவடி கொடுத்து உதவியவர்களில் திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகரும் ஒருவர் என்பதை நாம் மறக்கலாகாது. கொள்கைகள் மோதிக்கொள்ளும் இடத்தில் மனிதர்கள் மோதிக்கொள்ளாமல் அமர்ந்து பேசினார்கள். இடையில் ஒரு சுவடி இருந்தது. (இதை வைத்துக்கொண்டு அக்காலம் பொற்காலம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டா, அதற்குப் பின்னால் வருவோம்.)

இனிப் பயணம். 1870களின் முடிவுக்குள் சென்னையிலிருந்து கும்பகோணம் வழியாகத் தெற்கே இருப்புப்பாதை போட்டாகிவிட்டது. இந்தத் தண்டவாளம் இல்லையேல் தமிழ்ப் பதிப்பு வரலாறு எப்படி இருந்திருக்கும் என்று நம் ஆய்வாளர்கள் இன்னும் போதிய அளவு சிந்திக்கவில்லை என்றே தோன்றுகிறது. கல்லூரி விடுமுறை விட்டால் உ.வே.சா. ரயிலேறிச் சென்னைக்குப் போவார்; அச்சுக்கூடத்தில் வேலை நடக்கும். முதலியார் அதற்குள் வேலையை விட்டுச் சென்னையில் வக்கீலாகியிருந்தார். அவர் வீடும், அவரால் அறிமுகமான பிரமுகர்களின் வீடுகளும் திறந்திருந்தன. அச்சுச் செலவுக்கு முன்கூட்டியே 'கையொப்பம்' வாங்கும் வழக்கம் இருந்தமையால் அதற்காகவும் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. அலைச்சல்தான், ஆயினும் பிற்காலத்தில் அவர் அதை எழுதும்போது சலிப்பின் நிழலைக்கூடக் காணோம். எந்த ஊரில் யார் சோறிட்டார்கள், யார் வண்டி கட்டிக் கொடுத்தார்கள், யார் இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவருக்கு நினைவிருந்தன.

ரயில் நிற்கும் இடத்தில் மாட்டு வண்டி தொடங்கும். பத்துப்பாட்டுச் சுவடிகளைத் தேடி அவர் பாண்டி நாட்டுக்குச் சென்ற பயணம் அவ்வாறானது. திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் இன்று ரயில் ஓடுகிறது. ஆனால் அந்தத் திருச்செந்தூர்க் கிளைப்பாதை 1923இல்தான் வந்தது. நம்மாழ்வார் அவதரித்த அவ்வூரில் கவிராயர் குடும்பங்கள் பல. ஒவ்வொரு வீட்டிலும் ஏட்டுக் கட்டுகள். நாள்கணக்காகப் பிரித்துப் பார்த்தும் தேடியது அகப்படவில்லை. கோயிலில் திருவிழா. மனம் சோர்ந்து நின்ற அவரிடம், இலட்சுமண கவிராயர் ஒரு கட்டைக் கொண்டுவந்து தருகிறார். நிலா வெளிச்சத்தில் அவ்விடத்திலேயே பிரித்தால் முல்லைப்பாட்டு என்ற பெயர் கண்ணில் படுகிறது! விளக்கைத் தேடிப் போகவும் பொறுமை இல்லாத அந்தக் கணத்தை நாம் மிகவும் விரும்புகிறோம். பதிப்பாசிரியரை அங்கே காணோம். கதைப் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் தெருவிளக்கடியிலேயே பிரிக்கும் சிறுவனைத்தான் காண்கிறோம்.

எல்லா வீடும் ஆழ்வார்திருநகரி அன்று. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைக் கேட்டுச் சென்றபோது, சிதைந்த சுவடிகளை நெய்யில் தோய்த்து நெருப்பிலிட வேண்டும் என்ற ஆகம விதிப்படி அவை எரிக்கப்பட்டுவிட்டன என்ற விடை கிடைத்தது. கேட்டவர் திகைத்து நின்றார். சொன்னவரோ ஒரு நற்செயலைச் செய்து முடித்த நிறைவோடு சொன்னார் என்பதுதான் நம்மை இன்றும் உறுத்துகிறது. படிக்க ஆளில்லாத ஏடு அவருக்கு வெறும் பழைய ஓலை. கும்பகோணத்துச் சமணக் குடும்பத்திடம் சிந்தாமணி பிழைத்தது. அங்கே கேட்பதற்கு ஆள் இருந்தது. இங்கே இல்லை.

நேரில் காணாத நட்பும் ஒன்று உண்டு. 1887இல் சிந்தாமணி வெளிவந்து சில ஆண்டுகளில் பாரிசிலிருந்து கடிதம் வருகிறது, தமிழில்! எழுதியவர் ஜூலியன் வின்சோன், காரைக்காலில் வளர்ந்தவர், பாரிசில் கீழைத்தேய மொழிகளுக்கான கல்லூரியில் தமிழ் கற்பித்துவந்தவர். அந்நகரத்துத் தேசிய நூலகத்தில் உள்ள தமிழ்ச் சுவடிகளைப் பற்றி அவர் தெரிவிக்கிறார். இங்கிருந்து நூல்கள் அங்கே போகின்றன. கடல் கடந்து செல்லாத ஒருவர், தாம் கண்டிராத ஊரில் உட்கார்ந்து தம் பதிப்பைப் பக்கம் பக்கமாகப் படிக்கும் ஒருவரை நண்பராகப் பெற்றார். அஞ்சல் தலையின் விலையில் கிடைத்த அந்த இன்பத்தை, மின்னஞ்சல் வழியாக ஒருவரையொருவர் கண்டுகொண்ட நம் தலைமுறையினர் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

முன்பு அடைப்புக்குள் சொன்னதற்கு வருவோம். இந்த நட்பு வட்டத்தில் யார் யார் இருந்தார்கள்? ஸ்மார்த்தர், சைவ வேளாளர், வைணவக் கவிராயர், சமண வணிகர், பிரெஞ்சுக்காரர். அக்காலத்தை நோக்க இது அகன்ற வட்டமே. ஆனால் சுவடி வைத்திருக்கும் குடும்பமாக இருப்பதற்கே நிலமோ மடமோ கல்வியோ தலைமுறைகளாக வாய்த்திருக்க வேண்டும். வாய்க்காதவர்கள் அந்தத் திண்ணைகளில் இல்லை. பெண்களும் பெரும்பாலும் இல்லை. உ.வே.சா.வின் நூல்களைப் படிக்கும்போது, அவ்வீடுகளில் நள்ளிரவுவரை பேச்சு நடக்கையில் உள்ளே அடுப்பைத் தணிக்காமல் காத்திருந்தவர்கள் யார் என்ற நினைவு நமக்கு வராமல் இல்லை. வகுப்பில் மாணவி ஒருத்தி ஒருமுறை இதைக் கேட்டாள்; நியாயமான கேள்வி.

அந்தத் திண்ணையைத் தெருவுக்குத் திறந்துவிட்டதும் அதே மனிதரின் வேலைதான் என்பது இதற்கு மறுபக்கம். அச்சில் வந்த சிந்தாமணியைப் பாருங்கள். புள்ளி இருக்கிறது, துணைக்கால் ரகரத்திலிருந்து பிரிந்து நிற்கிறது, செய்யுள் வேறு, உரை வேறு. முன்னே நூலாசிரியர் வரலாறும் கதைச் சுருக்கமும் உள்ளன. முன்சீபின் நட்பு வாய்க்காதவர், மடத்துக்குள் நுழைய இயலாதவர், சமண நண்பர் இல்லாதவர் ஆகிய எவரும் விலை கொடுத்து வாங்கி வீட்டில் உட்கார்ந்து தனியே படிக்கலாம். நாற்பது பேர் சேர்ந்து செய்த வாசிப்பை ஒருவர் தனித்துச் செய்வதற்கு ஏற்ற பொருளாக அவர் மாற்றித் தந்தார். தாம் உயிர்த்திருந்த அந்தக் கூட்டு வாசிப்பை இனித் தேவையற்றதாக்கும் வேலையில் தம் வாழ்நாள் முழுதும் ஈடுபட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கலாம் என்று நாம் நினைப்பதற்கு ஒரு காரணம், முதுமையில் அவர் எழுதியவை. 1933இலும் 1934இலும் ஆசிரியரின் சரித்திரம் இரண்டு பாகங்களாக வந்தது. தமக்குக் கும்பகோணத்து வேலையை வாங்கித் தந்த தியாகராச செட்டியாருக்கு ஒரு நூல். திருவல்லிக்கேணி வீட்டுக்கே 'தியாகராஜ விலாசம்' என்று அவர் பெயர். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுயசரிதத்தில்கூடப் பக்கங்களை நிறைத்திருப்பவர்கள் பிறர்தாம். 122 அத்தியாயங்கள் வந்தபின் 1942இல் அவர் மறைய, அது முற்றுப்பெறாமலே நின்றது. அச்சுப் புத்தகத்தில் இனி இடம்பெறாத குரல்களை எல்லாம் இன்னொரு வகைப் புத்தகத்தில் ஏற்றிவிடப் பார்த்தார் போலும். (அந்தத் தியாகராஜ விலாசம் 2012இல் இடிக்கப்பட்டது. எழுத்தாளர்கள் வீட்டைக் காப்பாற்றும் நம் திறமை உலகறிந்ததாயிற்றே!)

முதலியாரின் கதையை முடிக்கவில்லை. அவர் தமிழோடு நின்றவர் அல்லர். 1885இல் இந்தியாவின் குறைகளை இங்கிலாந்தில் வாக்காளர் முன் எடுத்துரைக்கச் சென்ற மூவருள் சென்னை மாகாணத்தின் சார்பில் சென்றவர் அவர். அத்தனை அலுவலுக்கிடையிலும் சிந்தாமணி அச்சாகும் செய்தியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். பதிப்பு கைக்கு வந்ததையும் பார்த்தார். 1892 மார்ச்சு மாதம், நாற்பது வயது நிறையுமுன் காலமானார். அதே ஆண்டில் சிலப்பதிகாரம் வெளிவந்தபோது அவர் இல்லை. முதல் நாள் அவர் வாயிலிருந்து வந்த மூன்று பெயர்களுள் ஒன்றை மட்டுமே அவரால் புத்தகமாகக் காண முடிந்தது.

மூன்றாவது நூலுக்கு வேறொரு துணை தேவைப்பட்டது. மணிமேகலையின் பௌத்தத்தை விளக்கத் தமிழ்நாட்டில் அன்று பௌத்தர் இல்லை. சமணத்துக்கு வாய்த்தது போல அடுத்த தெருவில் ஒரு வீடு இல்லை. கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார், வைணவர், ஆங்கிலத்தில் வந்திருந்த பௌத்த நூல்களைப் படித்து அவற்றின் பொருளை உ.வே.சா.வுக்குச் சொன்னார். சொல்லச் சொல்ல இவர் மணிமேகலையில் உரிய இடத்தைக் காட்டுவார், இருவரும் வியப்பார்கள். பாலியிலிருந்து ஐரோப்பியர் கைக்குப் போய், ஆங்கிலமாகிக் கும்பகோணத்துக்கு வந்து, ஒரு நண்பரின் வாய்வழியாகத் தமிழ்க் காப்பியத்துக்குள் பொருள் மீண்டது. மணிமேகலைப் பதிப்பு 1898இல் வந்தது.

எங்கள் குழுவைப் பற்றி ஒரு சொல். சனிக்கிழமை மாலைகளில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் நால்வர் கூடிச் சிந்தாமணியை உரக்கப் படித்துவருகிறோம். அச்சுப் பிரதிதான், இருந்தும் ஒருவர் படிக்க மூவர் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். நாமகளில் தொடங்கி இப்போது ஆறாவதான கேமசரியார் இலம்பகத்தில் நிற்கிறோம். சமணக் கோட்பாட்டுச் சொற்கள் சில, உரையைப் பார்த்தும் அகராதியைப் பார்த்தும் பிடிபடவில்லை. திண்டிவனத்துக்கு அருகே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிறது. அங்கே சென்று கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. பொங்கல் விடுமுறையில் காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. வண்டியில் இன்னும் இரண்டு இடம் உண்டு.